சுசீலாவின் மகன் எங்கே இருக்கிறான்?

போன மாதம் ஊழியப் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் எங்களுக்குப் பெயர் ‘பைபிள் உமன்’. வீடு வீடாகப் போய் ஜெபிக்கிற, நோயாளி பக்கத்தில் உட்காருகிற, சாவு வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை. இப்போது அந்தப் பதவியே கிடையாது. பெண்கள் அங்கி போட்டு ஆயராகவே நிற்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, “சிஸ்டர், உங்க ஊழியத்துல உங்களைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் எது?” என்று கேட்டாள். பேய் பிடித்தவள், விஷம் குடித்தவள் என்று ஏதாவது வரும் என்று மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஆரம்பித்தேன். பாதியில் நேரமாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். நேரம் இருந்தது. வாய்தான் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

நான் ஆரணிக்காரி. பட்டுப்புடவை ஆரணி இல்லை, பொன்னேரி பக்கத்து ஆரணி. அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அண்ணன்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் பைபிள் உமன் பயிற்சிக்குப் போனேன். இரண்டு வருஷம் விடுதியில் வசனம் மனப்பாடம், தையல், முதலுதவி. அதில் இன்றுவரை கைகொடுப்பது முதலுதவி மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் கும்மிடிப்பூண்டி குருசேகரத்தில், அதாவது ஒரு ஆயர் பொறுப்பில் இருக்கிற சபை வட்டத்தில், ஆயர் தவமணி ஐயாவுக்குக் கீழே வேலை பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஐயா ஒல்லியாக, உயரமாக இருப்பார். அதிகம் பேச மாட்டார். சாவு வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடப்பார். வண்டிச் சத்தம் அந்த வாசலில் கேட்கக் கூடாது என்பார். அங்கியைப் பையில் மடித்து வைத்திருப்பார். அடக்க ஆராதனை தொடங்கும்போதுதான் போடுவார். அதுவரை வெறும் சட்டையோடு, செத்தவரின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருப்பார். “வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று கேட்பார். பதிவில் இருக்கிற பெயர் எதுவானாலும், ஜெபத்தில் அந்த வீட்டுப் பெயரைத்தான் சொல்வார். ‘குட்டிம்மா’ என்று எண்பது வயதுக் கிழவியைச் சொல்லி அவர் ஜெபித்தபோது மொத்தக் குடும்பமும் உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று. “கிரேஸ், செத்தவர் எங்க போயிருக்கார்னு நம்ம வாயால சொல்லக் கூடாது. நல்லவரா இருந்தாலும் சரி, கெட்டவரா இருந்தாலும் சரி. ஆண்டவர் கையில ஒப்புக்கொடுக்கிறோம். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்.”

அப்போது அது எனக்குச் சப்பென்று இருந்தது. வெளியே பந்தல் போட்டு நடக்கிற சுவிசேஷக் கூட்டங்களில் நரகத்தை எவ்வளவு விவரமாகச் சொல்வார்கள்! அக்கினி, புழு, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு நாக்கு ஏங்குவது. ஜனங்கள் நடுங்குவார்கள். எங்கள் ஐயா மட்டும் ஏன் இப்படி மென்று முழுங்குகிறார் என்று நினைத்ததுண்டு.

சுசீலா எங்கள் சபையில் இருந்தவள். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. புருஷன் சீக்கிரமே போய்விட்டான். ஒரே மகன் அன்பு. குழந்தையாக இருந்தபோது அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது தவமணி ஐயாதான். பெரியவனானதும் அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பெரிய சண்டையோ கொள்கையோ ஒன்றும் இல்லை. ஒரு இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் செக்யூரிட்டியாக கேட்டில் நின்றான். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை வந்தால் தூங்குவான். “சாமி எல்லாம் உனக்கே இருக்கட்டும்மா, எனக்குத் தூக்கத்தை வுடு” என்பான். நான் வீட்டுக்குப் போனால் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு, “வாங்க ஆன்ட்டி” என்று சிரித்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வான். அவ்வளவுதான் அவனுடைய அவபக்தி.

அந்தப் பக்கத்தில் பழைய இரும்பு எடுக்கிற தொழில் அடியாட்கள் கையில் இருந்தது என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் ஸ்கிராப் லாரி வெளியே போக வந்தது. மேலே துருப்பிடித்த தகடு, அடியில் புதுக் கம்பிக் கட்டுகள். அன்பு பார்த்துவிட்டான். கேட்டைத் திறக்கவில்லை. லாரியோடு வந்தவன் கஜா என்கிற கஜேந்திரன். ஸ்கிராப் எடுக்கிற ஆளுக்கு அடியாள். அன்புவின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன். அன்பு அவனை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான். “தொறடா” என்றானாம் கஜா. “முடியாதுண்ணா, எம்மேல வந்துரும்” என்றானாம் இவன். கம்பெனி மேனேஜர் வந்து லாரியைப் பிடித்தார்.

அந்த வாரத்திலேயே, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அன்புவைத் தைலமரத் தோப்புப் பக்கம் வெட்டிப் போட்டார்கள். காலை வெயில் ஏறிவிட்ட நேரம். ரோட்டில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலைத் தைத்துக் கொண்டுவந்தார்கள். முகத்தை நான்தான் துடைத்தேன். கன்னத்தில் ஒரு வெட்டு. அதில் பவுடரை அப்பி மறைக்கப் போனேன். சுசீலா என் கையைப் பிடித்தாள். “வுடுக்கா. இருக்கறது இருக்கட்டும்” என்றாள். அவள் அன்று அழவே இல்லை. ஆட்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள்.

சபைச் செயலாளர் ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் பெரியவனானதும் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல் எடுக்காதவன், கோயில் பக்கமே வராதவன், கோயில் மணி அடிக்க வேண்டாம் என்று சொன்னார். சபைச் சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. ஐயா சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. கோயிலுக்கு நடந்துபோய் அவரே கயிற்றைப் பிடித்து மணி அடித்தார். பிறகு வந்து கல்லறையில் ‘அன்பு’ என்று பெயர் சொல்லி, ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

கஜாவுக்கு ஆயுள் தண்டனை ஆனது. தீர்ப்பு அன்று நான் சுசீலாவோடு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் அவன் முதுகைத்தான் பார்த்தேன். வருஷங்கள் ஓடின. தவமணி ஐயா ஓய்வுபெற்று சோழவரத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஆயர் ஜெபராஜ் வந்தார். இளவயது. உண்மையானவர். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போய்விடுவார். எங்கள் பையன்கள் சிலர் குடிக்கும் அடிதடிக்கும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குத் தூக்கம் இல்லை. நான் இப்போது எழுதப்போவதைப் படித்து யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு. ஜெயிலில் மனந்திரும்பி விடுதலையான ஒரு சகோதரர் சாட்சி சொல்ல வருகிறார், பையன்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று ஆயர் முந்தின வாரமே அறிவித்திருந்தார். பெயர் சகோதரர் யோவான் என்றார். நானும் இரண்டு தெரு சுற்றி எல்லோரையும் வரச் சொன்னேன். சுசீலாவிடமும் சொன்னேன்.

வந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். தாடியில் நரை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். “நான் ஒரு கொலகாரன்” என்று ஆரம்பித்தார். பின்னால் யாரோ “ஸ்தோத்திரம்” என்றார்கள். குடி, கத்தி, அடியாள் வேலை என்று சொல்லிக்கொண்டே வந்தார். பையன்கள் அசையாமல் கேட்டார்கள். ஆயர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்புறம் அவர், “இதே ஊர்லதான். தைலமரத் தோப்புக்கிட்ட. சைக்கிள்ல வந்துகினு இருந்த ஒரு தம்பிய…” என்றார்.

 பெண்கள் பக்கம் திரும்பினேன். சுசீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கஜா என்று அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. நான்தான் முதுகை மட்டும் பார்த்தவள். அவள் கோர்ட்டில் அந்த முகத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள்.

அவர் அழ ஆரம்பித்தார். நடிப்பு இல்லை, மூக்கு ஒழுக அழுதார். “அந்தத் தம்பி ரட்சிக்கப்படாதவன். ஆண்டவரை அறியாதவன். சின்னதுல தண்ணி தெளிச்சாங்களாம், அதெல்லாம் ஞானஸ்நானமா? அவன் மனந்திரும்பறதுக்கு நான் டைம் குடுக்கல. ஒரு ஆத்துமாவ நேரா நரகத்துக்கு அனுப்பிட்டேன். இந்நேரம் அவன் அக்கினியில வெந்துகினு இருக்கான். ஆனா பாருங்க, எனக்கு ஆண்டவர் டைம் குடுத்தாரு! என் பாவத்த எல்லாம் கழுவிட்டாரு! இன்னிக்கி இங்கயே செத்து வுழுந்தாலும் எனக்கு பரலோகம்!”

“அல்லேலூயா!” என்று கோயில் முழுக்கச் சத்தம். யாரும் யோசித்துச் சொன்னதில்லை. அந்த இடத்தில் சொல்லிப் பழகிய வாய்கள்.

சுசீலா எழுந்தாள்.

“இன்னா சொன்ன?”

சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. “இன்னொரு தபா சொல்லு. எம் புள்ள எங்க கீறான்?”

மேடையில் இருந்தவர் அவளைப் பார்த்தார். மைக் கையை விட்டு நழுவி, டங்கென்று விழுந்து, ஸ்பீக்கர் கத்தியது.  அவள் அவரை விட்டுவிட்டு ஆயர் பக்கம் திரும்பினாள்.

“ஐயரே, நீ சொல்லு. வெட்டனவன் மேல போவான். வெட்டு வாங்கனவன் எரிஞ்சிகினு கீறானா? மெய்யா இது?”

ஜெபராஜ் ஐயா முகத்தில் ரத்தம் இல்லை. அவருக்கு அந்த நிமிஷம் வரை யோவான் கொன்றது சுசீலாவின் மகனை என்று தெரியாது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர். “அம்மா… ஆண்டவரை ஏத்துக்காம போனவங்களுக்கு… வேதம் அப்படித்தான்…” என்று இழுத்து நிறுத்தினார்.

“சரி” என்றாள் சுசீலா. “அப்ப என்னையும் எம் புள்ள கீற எடத்துக்கே எழுதிக்க. மேல எனக்கு இன்னா வேலை?”

முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.  அவள் வெயிலில் இறங்கிப் போனதும், என்ன செய்வது என்று தெரியாமல் ஆர்மோனியம் வாசிக்கிற பையன் காணிக்கைப் பாட்டை எடுத்துவிட்டான். ஜனங்களும் பாடினார்கள். இன்றைக்கும் அந்த ராகம் எங்கேயாவது கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நான் பின்னாலேயே ஓடினேன். வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “தெரிஞ்சே கூப்ட்டு வெச்சி கேக்க வெச்சியாக்கா?” தெரியாது என்று நான் சொன்னதை அவள் நம்பினாள். நம்பாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் கமிட்டி கூடியது. சுசீலா பீடத்துக்கு முன்னால் நின்று பரலோகத்தை வேண்டாம் என்றவள், சபையில் மன்னிப்புக் கேட்காமல் அவளுக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது என்றார் செயலாளர். “கொன்னவனுக்குக் குடுக்கலாம், பெத்தவளுக்குக் குடுக்கக் கூடாதா?” என்று நான் கேட்டேன். கமிட்டியில் பேசுகிற உரிமை எனக்கு இல்லை. யாரும் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. ஜெபராஜ் ஐயா தலையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க கேட்டதும் தப்பில்ல. நான் சொன்னதும் வேதத்துல இல்லாதது இல்ல. ரெண்டும் எப்படிச் சரியாகும்னுதான் எனக்குத் தெரியல” என்றார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சோழவரத்துக்கு பஸ் ஏறினார்.

தவமணி ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சுசீலா சாப்பிடறாளா?” என்றார் முதலில். கேன்டீன் வேலைக்குப் போகிறாள் என்றேன். அப்புறம் ஜெபராஜ் ஐயா நேராகக் கேட்டார்.

“ஐயா, நீங்க நரகத்தை நம்புறீங்களா?”

இல்லை என்பார் என்று நினைத்தேன். எனக்கு அத்தனை வருஷமாக அப்படி ஒரு சந்தேகம்.

“நம்புறேன்” என்றார் அவர். “நரகம் எனக்கு வேணும் ஜெபராஜ். அன்புவை அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். நரகம்னு ஒண்ணு இல்லைன்னா, அந்தப் புள்ளையை அவன் வெட்டினதை ஆண்டவர் பெருசா எடுத்துக்கலைன்னு ஆயிடுமேன்னு நினைச்சேன். ஆனா இப்போ நீங்க சொல்ற நரகத்துல கஜா இல்ல. அன்பு இருக்கான்.”

“மன்னிப்புன்றது கிருபை ஐயா. தகுதி பார்த்து வர்றது இல்லையே. சிலுவையில கடைசி நேரத்துல திருந்தின கள்ளனுக்கும் கிடைச்சுதே.”

“சரி. கஜாவுக்குத் தகுதி பார்க்க வேணாம். அன்புவுக்கு மட்டும் ஏன் பார்க்கிறீங்க?”

ஜெபராஜ் ஐயா விடவில்லை. குரல் உயர்ந்தது. “அப்போ மனந்திரும்ப வேண்டியதே இல்லையா? எல்லாரும் எப்படியும் தப்பிச்சிடுவாங்கன்னா, நான் அந்தப் பசங்ககிட்ட போய் என்ன சொல்றது? கத்தியை எடுத்தாலும் பரவாயில்லைன்னா?”

 “அதுக்கு எங்கிட்ட பதில் இல்லப்பா” என்றார் தவமணி ஐயா. “அன்பு எங்க இருக்கான்னும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொன்னதில்லை. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.”

 திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜெபராஜ் ஐயா நேராகச் சுசீலா வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்தாள், டீ போட்டுக் கொடுத்தாள், டம்ளரை வாங்கி வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். இப்படி அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் ஒரு காலையில் கஜா என் வீட்டு வாசலில் வந்து நின்றான். வெள்ளை உடுப்பு இல்லை. செங்குன்றத்தில் ஒரு லாரி பட்டறையில் வேலை; கிரீஸ் கறையோடு வந்திருந்தான். “சிஸ்டர், அந்தம்மா ஊரை விட்டுப் போய்ட்டாங்கன்னு சொன்னாங்க. அங்க உக்காந்திருப்பாங்கன்னு சத்தியமா தெரியாது. அவங்க கால்ல வுழணும். கூட்டிக்கினு போங்க” என்றான். அவளைக் கேட்காமல் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். ஜெபராஜ் ஐயாவிடம் சொன்னேன். அவளிடமும் போய்ச் சொன்னேன். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், “வரச் சொல்லு. நீயும் கூட இரு” என்றாள்.

அவன் உள்ளே வந்ததும் விழப் போனான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“கால்ல வுழாத. நீ வுழுந்துட்டு, பாரம் எறங்கிச்சின்னு எழுந்து பூடுவ. நான் இங்கியேதான் இருக்கணும். அந்த சேர்ல ஒக்காரு.”

உட்கார்ந்தான். முன்பு அன்பு எனக்குத் துடைத்துப் போடுகிற நாற்காலி அது.

“ஆண்டவரு உன்ன மன்னிச்சிட்டாருன்ற.”

“ஆமாம்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை வருஷ ஊழியத்தில் பாவமன்னிப்பைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்! இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

“அத்த வுடு” என்றாள் அவளே. “நான் கேக்கணும்னு இருந்தது வேற. கோர்ட்ல கேட்டா சொல்ல மாட்ட. கடைசியா எதனா பேசனானா அவன்?”

அவன் குனிந்துகொண்டான். கைவிரல்களை ஒன்றோடொன்று பிசைந்தான். இயேசுவே என்று கூப்பிட்டான் என்று இவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமே என்று என் மனசு துடித்தது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அப்படிச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். கமிட்டி அடங்கிவிடும். அவளும் தூங்குவாள்.

“தண்ணி கேட்டான்” என்றான் கஜா.



“குடுத்தியா?”

“வண்டியில பாட்டில் இருந்துச்சிம்மா” என்றான். “குடுக்கல.”

“அண்ணான்னு கூப்ட்டானா?”

“கூப்ட்டான்.”

சுசீலா சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் எழுந்து அவளைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: “ஊர் ஊரா போய் சொல்றியே, இத்த சொல்லியிருக்கியா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“இத சொன்னா யாரும் அல்லேலூயா சொல்ல மாட்டாங்கம்மா.”

 நரகத்தில் தண்ணீருக்கு ஏங்குகிற நாக்கைப் பற்றி மேடைக்கு மேடை கேட்டவள் நான். இவனும் அதைச் சொல்லித்தான் ஊரை அழவைத்திருப்பான். உண்மையாகவே கேட்டவனுக்கு அருகில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றவன் இவன்தான் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எப்படி ராத்திரிகளைக் கழித்தான் என்று நினைத்தபோது, என்னை அறியாமல் அவன் மேலும் எனக்கு இரக்கம் வந்தது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

“என்னை மன்னிப்பியாம்மா?” என்று கேட்டான்.

“இல்ல” என்றாள். கோபமே இல்லாமல், கடையில் சரக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி. “போய்ட்டு வா. இனிமே வராத.”

அவன் போனான். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் தண்ணீர் கேட்டதையும் சேர்த்துச் சொன்னானாம். அவன் சொன்னதுதான் நடந்தது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அடுத்து அவனைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. இன்னும் பட்டறையில்தான் இருக்கிறான் என்று கேள்வி.

சுசீலா கொஞ்ச மாதம் கழித்துக் கோயிலுக்கு வந்தாள். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள். நற்கருணை நேரத்தில் எழவில்லை. ஜெபராஜ் ஐயா அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கோயிலின் முழு நீளமும் நடந்து அவளிடம் வந்தார். செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். ஐயா அதற்குப் பிறகு நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல் இல்லை. செய்தார். ஆனால் யாருடைய பெயரையும் அதற்குள் வைத்துப் பேசவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முன் கடைசியாகச் சந்திப்புக்குப் போன வீடு சுசீலாவுடையது. பிற்பகல். அவள் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கொஞ்சம் உரித்தேன். கிளம்புகிற நேரம் வழக்கம்போல, “எதுக்காக ஜெபம் பண்ணட்டும் சுசீலா?” என்றேன்.

“கஜாவுக்கு பண்ணுக்கா.”

காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. “கஜாவுக்கா?”

“ஆமா. அவன் பரலோகத்துக்குப் போவணும். கண்டிப்பா போவணும்னு பண்ணு. நான் தெனம் பண்றேன்.”

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. இத்தனை வருஷ ஊழியத்துக்கு ஆண்டவர் கடைசி நாளில் எனக்கு இதைக் காட்டினாரே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சிட்டியா சுசீலா?” என்றேன்.

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“மன்னிக்கிறதா? இன்னாக்கா பேசற நீ?” என்றாள். “எம் புள்ள நரகத்துலதான் கீறான்னு அல்லாரும் சொல்றீங்க. இருக்கட்டும். ஆனா அங்கயும் இவன் போய் நின்னா? எம் புள்ள அங்கயும் அந்த மூஞ்சியப் பாக்கணுமா?”

நான் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினேன்.  கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுசீலாவே ஜெபத்தை ஆரம்பித்தாள்.